பாட்டு இருக்கிறது, படத்தைத் தாருங்கள்

பழைய படச்சுருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் அன்பர்களுக்கு, எந்த நாட்டில் இருந்தாலும், வணக்கம்.

1929இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘கோல்டு டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே’ படத்துக்காக இந்த மடல். ராய் டெல் ரூத் இயக்கிய இசை நகைச்சுவைப் படம். முழுக்கப் பேச்சு, முழுக்க வண்ணம். அந்த ஆண்டு வசூலை அள்ளிய படங்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட படத்தில் இன்று மிஞ்சியிருப்பது கடைசி இரண்டு சுருள்களில் பெரும்பகுதியும் சில துண்டுகளும்தான்.

ஆனால் ஒலி தப்பிவிட்டது. அன்றைய வைட்டாபோன் முறையில் ஒலி படச்சுருளில் கிடையாது. 16 அங்குல இசைத்தட்டில் தனியாக வரும். சுருளுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிடம். முள்ளைத் தட்டின் உள்பக்கம் வைப்பார்கள், அது வெளிப்பக்கமாக நகரும். அந்தத் தட்டுகளின் புண்ணியத்தில், படத்தில் நடித்த வின்னி லைட்னர் அடிக்கும் லூட்டியை இன்றும் கேட்கலாம். அவர் முகம் என்ன பாடுபட்டது என்று பெரும்பாலான இடங்களில் பார்க்க வழியில்லை. கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

மிஞ்சிய சுருள்களைப் பார்த்தவர்களுக்கு என் ஆதங்கம் புரியும். சிவப்பையும் பச்சையையும் மட்டுமே வைத்து எடுத்த டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறை அது; சரியான நீலம் அதில் வராது. அப்படியிருந்தும் அந்தக் கடைசி ஆட்டம் எவ்வளவு துள்ளலாக இருக்கிறது!

உங்களில் சிலர் வழக்குக்குப் பயந்து பெட்டியை வெளியே காட்டாமல் இருக்கலாம். அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் இந்தப் படம் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து. அங்கே இனி காப்புரிமைப் பயம் வேண்டாம். ஆவணக் காப்பகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சுருளோடு வருபவரைக் குற்றவாளியைப் போல விசாரிக்காதீர்கள். படியெடுத்துவிட்டு அவர் பெயரை நன்றியோடு போடுங்கள்.

காலம் அதிகமில்லை. அந்தக் காலப் படங்களுக்குப் பயன்பட்ட நைட்ரேட் சுருள் பிசுபிசுத்து, நாற்றமெடுத்து, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. அதனால் நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம், பிரித்துச் சுற்றவும் வேண்டாம்; முதலில் காப்பகத்துக்குச் சொல்லுங்கள். தலைப்பு கிழிந்த சுருளானாலும் சரி, பத்து விநாடித் துண்டானாலும் சரி. தட்டு நம்மிடம் இருப்பதால், உதட்டசைவை வைத்தே அது எந்த இடத்துக்கு உரியது என்று பொருத்திப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
அந்தத் தட்டுகளை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் ரசிகன்