கல்கத்தாவுக்கு முன்பே சென்னை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்கு வானியலாளர்களுக்கான இந்திய அமைப்புகளின் வரலாற்றை எழுதுவோர், ஹாலி வால்நட்சத்திரம் வந்த 1910-இல் கல்கத்தாவில் உருவான இந்திய வானியல் கழகத்திலிருந்தே தொடங்குகிறார்கள். தேசிய அளவிலான சங்கம் என்ற வகையில் அது சரிதான். ஆயினும் சென்னை விடுபட்டுப்போவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் சொந்தச் செலவில் அமைத்த வானாய்வுக்கூடமே, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அரசுக் கூடமாயிற்று. ஒரு தனி மனிதரின் ஆர்வம்தான் வித்து. நில அளவையாளர் லாம்ப்டன் 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு (முதலில் துல்லியமாக அளக்கும் தொடக்கக் கோடு) அளந்து தொடங்கிய பெரும் நில அளவைக்குத் தீர்க்கரேகை தந்ததும் அந்தக் கூடமே. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றியபோது கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கிய அரை டன் தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி), லாம்ப்டன் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து தம் கையாலேயே சீர்செய்தார்.

அதே சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததைத் தமிழிலும் சிறுநூலாக விளக்கினார். பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டுவதுதானே இத்தகைய சங்கங்களின் வேலை?

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று, எங்கள் வீட்டுக் கொல்லை வேப்பமர நிழலில் விழுந்த பிறைவடிவ ஒளிப் புள்ளிகளைத் தெருப்பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவர்களுக்குச் சொல்ல ரகுநாதாச்சாரியின் பெயர் பாடநூலில் இருந்தால் நன்று.

ஒரு வாசகர்,
காரைக்குடி