தடுப்பூசி இருக்க மருந்துத் தீவனம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

சால்மன் மீன் பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்லும் உங்கள் தலையங்கம் படித்தேன். சரிதான், ஆனால் 'குறைத்தால் மீன் செத்துப்போகும்' என்ற பண்ணைக்காரர்களின் வாதத்துக்கு அதில் பதில் இல்லை. பதில் நார்வேயில் இருக்கிறது. 1987-இல் அங்கே ஏறத்தாழ 50 டன் மருந்தைக் கொட்டினார்கள். நல்ல தடுப்பூசிகள் வந்ததும் சில ஆண்டுகளிலேயே அது மளமளவென்று சரிந்து, இன்று பத்து லட்சம் டன்னுக்கு மேல் சால்மன் வளர்த்தும் ஆண்டுக்கு 1 டன்கூடத் தேவைப்படுவதில்லை. சிலி நாட்டிலோ இன்னும் நூற்றுக்கணக்கான டன். அங்கே வாட்டும் பிசிரிக்கெட்சியா கிருமிக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிபடவில்லை என்பது உண்மை. அதற்காக, நோய் எளிதில் பரவும்படி மீனைக் கூண்டில் நெருக்கி அடைக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே.

நான் இரண்டு ஆண்டுகள், கடலில் வலைக்கூண்டு கட்டி மீன் வளர்க்கும் கூண்டுப் பண்ணையில் வேலை பார்த்தவன். நோய் கண்ட மீன் முதலில் விடுவது தீனியைத்தான். கறுத்துப்போய் வலையோரம் சோர்ந்து நிற்கும். நாங்கள் வீசும் மருந்துத் தீவனத்தைப் பாய்ந்து தின்பவை நல்ல மீன்கள், மிச்சம் கடலடிக்கு. கிருமிகள் மருந்துக்குப் பழகிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்? ஆகவே, ஒரு டன் மீனுக்கு எத்தனை கிராம் மருந்து, எந்த நோய்க்காக என்பதைப் பண்ணைவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று சட்டம் போடலாம். அப்புறம் யாரிடம் வாங்குவது என்பதை வாங்குபவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்