உடையார்குடிக் கல்வெட்டு தண்டனைத் தீர்ப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராஜராஜனின் அண்ணனும் சோழ இளவரசனுமான ஆதித்த கரிகாலனின் கொலை பற்றித் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரை, உடையார்குடிக் கல்வெட்டு எனப்படும் காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டைக் 'கொலையாளிகளுக்கு ராஜராஜன் தந்த தீர்ப்பு' என்கிறது. அந்தக் கல்லில் மரண தண்டனையும் இல்லை, நாடுகடத்தலும் இல்லை.

இருப்பது சொத்து விவகாரம். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற பிராமணர் ஊரின் சபைக்கு அரசன் ஓலை அனுப்புகிறான். துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன், உடன்பிறந்த மலையனூரான் ஆகியோரின் உடைமைகளை விற்றுப் பணத்தைக் கருவூலத்தில் சேர்க்க வேண்டும். மேற்பார்வைக்கு இருவரை அனுப்பியிருக்கிறோம் என்பது செய்தி. பிள்ளைகள், பெண் கொடுத்த மாமனார்கள், தாய்மாமன்கள், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் என்று சொந்தபந்தம் ஒருவர் விடாமல் மாட்டுகிறார்கள். அப்படி விற்ற நிலத்தை பல்லவரையன் பட்டம் பெற்ற ஒருவர் வாங்கிக் கோயிலுக்கு அறக்கட்டளை வைத்தார். அதனால்தான் ஓலை கல்லில் ஏறியது. இல்லாவிட்டால் கொலையாளிகளின் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

காலக்கணக்கிலும் கவனம் வேண்டும். கல்லில் ராஜராஜன் பெயர் கிடையாது, 'இராசகேசரி 2ஆம் ஆண்டு' மட்டுமே. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடுவார்கள். ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் பரகேசரி. ஆகவே கொலைக்குப் பின் வந்த இராசகேசரி, 985ன் நடுவில் பட்டமேறிய ராஜராஜன்தான். 2ஆம் ஆண்டு 986-87. கொலை நடந்தது 969ஐ ஒட்டி. நடுவில் உத்தமன் ஆண்டதால் அவன்தான் கொலையாளிகளைக் காப்பாற்றினான் என்று கட்டுரையாளர் தாவிவிடுகிறார். குற்றம் எப்போது உறுதியானது, சொத்து எப்போது பறிமுதலானது என்று கல் சொல்லவில்லை. விற்ற ஆண்டு மட்டுமே தெரியும். பழி போட இது போதாது.

ஆதித்தன் பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையைக் கொண்டதற்குப் பழிவாங்கலே இந்தக் கொலை என்ற கருத்துக்கு ரவிதாசனின் 'பஞ்சவன் பிரமாதிராசன்' பட்டத்தைக் காட்டுவார்கள், பஞ்சவன் பாண்டியன்தானே! ஆனால் அவன் தம்பி பரமேசுவரனின் பட்டம் 'இருமுடிச்சோழ பிரமாதிராசன்', அதில் இருப்பது சோழன் பெயர். அதைக் கட்டுரை விட்டுவிட்டது வசதிதான்.

சோழர் வெளியிட்ட திருவாலங்காட்டுச் செப்பேடும் கொலை என்று சொல்லவில்லை. ஆதித்தன் விண்ணுலகைக் காணும் ஆசையில் மறைந்தான் என்றே பாடுகிறது. சிற்றப்பன் உத்தமனுக்கு ஆட்சி ஆசை இருக்கும்வரை அருள்மொழி, அதாவது ராஜராஜன், அரியணையை விரும்பவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது.

கல்வெட்டின் முழுப் பாடம், கல்வெட்டுகளைப் பதிப்பிக்கும் 'எபிகிராபியா இண்டிகா' வரிசையின் 21ஆம் தொகுதியில் உண்டு. 1966ல் மைசூருக்குப் போகும்வரை மத்தியக் கல்வெட்டு அலுவலகம் நம் ஊட்டியில்தான் இருந்தது; தங்கள் நீலகிரிப் பதிப்புக்காரர்கள்கூட அந்தப் பாடத்தைக் கவனிக்காதது வருத்தம். திருத்தம் போட்டால், தலைப்பில் 'தீர்ப்பு' என்பதைச் 'சொத்து விற்பனை ஆணை' என்று மாற்றுங்கள்.

இப்படிக்கு,
கல்வெட்டு வாசிக்கும் நண்பர்கள்,
உதகமண்டலம்