கல்லாவில் கூடுதலாக இருந்த 1,160 ரூபாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. புதன்கிழமை விடிகாலை விருதுநகர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் தூக்கமில்லை, மற்றபடி சுகம். நீ கொடுத்துவிட்ட பனியன்களை அம்மா அன்றைக்கே தெருவில் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளையின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள்.

திருப்பூரில் உன் வீட்டில் இருந்த நாலு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. உன் தையல் யூனிட்டில், பவர் டேபிள் மெஷின்களில் எட்டுப் பேர் தைத்துக்கொண்டிருக்கும்போது, மகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிற அப்பன் நன்றாகவா இருக்கும்? ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவரில் ஆணியடித்துக் குத்தி வைத்திருக்கிற பில்கள். சனிக்கிழமை சாயங்காலம் நீ காசுப் பெட்டியைத் திறந்து டெய்லர்களுக்குச் சம்பளம் எண்ணினாய். எண்ணி முடிக்கும் முன்பே அதே பெட்டியிலிருந்து பேரனின் டியூஷன் பீஸ் போனது, கேஸ் சிலிண்டருக்குப் போனது. நூல் கடைக்காரருக்கு ஜிபே போட்டது உன் சேமிப்புக் கணக்கிலிருந்து. அடுத்த நாள் அதே கணக்கிலிருந்து புடவைச் சீட்டுக்குப் பணம் கட்டினாய். எல்லாம் மனசிலேயே இருக்குப்பா என்று சொன்னாய். மனசில் இருக்கும் கணக்கு நமக்குச் சாதகமாகத்தான் இருக்கும் பாப்பா. அதில் யாரும் பொய் சொல்வதில்லை, தானாகவே அப்படி ஆகிவிடும்.

மண்டியில் நான் கணக்கெழுதிய காலத்தில் ராத்திரி கல்லா அடைக்கும் நேரம்தான் கஷ்டமான நேரம். சிட்டைப்படி, அதாவது அன்றாட வரவு செலவு நோட்டுப்படி, கையிருப்பு இவ்வளவு, பெட்டியில் இவ்வளவு என்று இரண்டும் ஒத்துப் போகாமல் முதலாளி யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தது. குறையவில்லையே என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "குறைஞ்சா நம்ம காசு போச்சு, அவ்வளவுதான். கூடினா அடுத்தவன் காசு உள்ள கிடக்குன்னு அர்த்தம்" என்றார். மறுநாள் தேடியதில் தெரிந்தது: சாத்தூர்ப் பக்கத்து வாடிக்கைப் புள்ளி ஒருவர் பாக்கியில் ஐந்நூறு கட்டிவிட்டுப் போயிருக்கிறார், நான் பெட்டியில் போட்டேன், அவர் பேரில் வரவு வைக்கவில்லை. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் பேரேட்டைக் காட்டி அவரிடமே மறுபடி கேட்டிருப்போம். மனுஷர் அதோடு நம் கடைப் படியை மிதித்திருக்க மாட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், உன் கையில் வருகிற காசெல்லாம் உன் காசு இல்லை. நான் இருந்தபோது உனக்குத் தையல் ஆர்டர் தருகிற கம்பெனிக்குப் போட்டாயே, அந்த பில்லையே எடுத்துக்கொள். தையல் கூலி 2,00,000. ஜிஎஸ்டி 5 சதவீதம் 10,000. மொத்தம் 2,10,000. அவர்கள் கூலியில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது உன் வருமான வரிக்காக முன்கூட்டியே, பிடித்துக்கொண்டு 2,08,000 அனுப்புவார்கள். போனில் மெசேஜ் வந்ததும் இரண்டு லட்சத்து எட்டாயிரம் வந்துவிட்டது என்று நினைப்பாய். அதில் பத்தாயிரம் சர்க்காருடையது. நூல், ஊசி வாங்கியபோது நீ கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், மீதியைக் கட்டியே ஆகவேண்டும். பிடித்த இரண்டாயிரமோ உன்னுடையது, உன் கைக்கு வராமல் சர்க்காரிடம் இருக்கிறது. அது உன் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காவிட்டால் போனது போனதுதான். அப்புறம் தீபாவளி போனஸ், வாடகை, நூல் கடைப் பாக்கி. எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் நீ.

ஜிஎஸ்டியில் இன்னொரு சங்கடம். கம்பெனிக்காரர் பணம் தராவிட்டாலும், பில் போட்ட மாதக் கணக்கில் நீ வரி கட்டவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர்களும் முதல் இரண்டு மாத வரியை அடுத்தடுத்த மாதம் 25 தேதிக்குள் கட்டிவிட வேண்டும். தள்ளிப்போனால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி. ஆகவே வங்கியில் இன்னொரு கணக்கு திற. பில் பணம் வந்த அன்றைக்கே வரிப் பங்கை அதில் தள்ளிவிடு. அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வாங்காதே, போனிலும் இணைக்காதே. கை நீளும், எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்பதை இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லவில்லை.

1999ல் நான் சொந்தமாக மிளகாய் வத்தல் கடை வைத்தது உனக்கு நினைவிருக்கும். வத்தல் விலை விழுந்ததால் கடை போய்விட்டது என்றுதான் ஊருக்கும் உனக்கும் சொன்னேன். விலை விழுந்தது உண்மைதான். ஆனால் அதே தெருவில் அதே விலையில் விற்ற மூன்று பேர் இன்றைக்கும் கடை வைத்திருக்கிறார்கள். நடந்தது இது. குண்டூரிலிருந்து மூன்று வாரக் கடனில் சரக்கு எடுத்திருந்தேன். விற்ற பணம் பெட்டியில் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் உன் சடங்கு வந்தது. பெட்டியிலிருந்து 38,000 எடுத்தேன். என் கடை, என் பெட்டி, எதற்கு எழுதவேண்டும் என்று எழுதவில்லை. ஊருக்கெல்லாம் கணக்கெழுதிய கை அது. அப்புறம் குண்டூர்க்காரர் கேட்டபோது வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன். அந்த வட்டிக்காக அடுத்த சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளினேன். அடுத்த சித்திரையில் புதுக்கணக்குப் போடக் கடை இல்லை. பழைய முதலாளியிடமே திரும்பிப் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, சாவியைக் கொடுத்தார்.

உன் சடங்கைச் செய்தது தப்பில்லை. எடுத்ததை எழுதியிருந்தால், கடை தாங்காது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். பந்தலைச் சின்னதாகப் போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

நீ உனக்கென்று ஒரு சம்பளம் வை. இருபதாயிரமோ இருபத்தைந்தோ, மாதம் ஒரு தேதியில் யூனிட் கணக்கிலிருந்து உன் சேமிப்புக்கு மாற்று. பேரன் பீஸ், சீட்டு, சிலிண்டர் எல்லாம் அதற்குள். பற்றாத மாதம் கூட எடுத்தால் எடு, ஆனால் உன் பேரில் பற்று எழுதிவிட்டு எடு.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதே. தையல் மெஷின் டிராயரில் ஊசி தேடும்போது தண்டல் அட்டையைப் பார்த்தேன். ஒரு லட்சம் என்று எழுதி 85,000 கையில் கொடுத்து, தினம் ஆயிரம் வீதம் நூறு நாள். வட்டி வெறும் பதினைந்தாயிரம் என்று தோன்றும். ஆனால் நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருகிறதே, அதையும் சேர்த்துப் பார்த்தால் வருஷத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அதே நேரம் அந்தக் கம்பெனி உனக்குத் தரவேண்டிய பழைய பாக்கி 3,40,000. அவர்கள் உன் காசை வைத்திருக்கிறார்கள், அதற்கு நீ வட்டி கட்டுகிறாய்.

உத்யம் என்று சிறு தொழில்களுக்குச் சர்க்கார் பதிவு ஒன்று இருக்கிறது, அதைச் செய்துகொள். அது இலவசம், புரோக்கருக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். உன்னைப் போன்ற சிறு யூனிட்டுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அது ஏட்டளவில்தான் இருந்தது. 2023-24 கணக்கு வருஷத்திலிருந்து வருமான வரியிலும் கொண்டுவந்துவிட்டார்கள்: கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்த வருஷத்தில்தான் கம்பெனி செலவாகக் காட்டமுடியும். மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டரே அவர்களை விரட்டுவார். பில்லில் உத்யம் எண்ணைப் போடு. சில பேருக்கு மூஞ்சி சுருங்கும், பதிவு இல்லாத யூனிட்டுக்கு ஆர்டரைத் தள்ளவும் செய்வார்கள். அதையும் யோசித்துக்கொள். இருக்கிற ஒரே கம்பெனியிடம் சட்டம் பேசாதே. இரண்டாவது கம்பெனி ஒன்றைப் பிடித்த பிறகு பேசு.

டேலி, கம்ப்யூட்டர் எல்லாம் உன் ஆடிட்டர் ஆபீஸ் பையன் பார்த்துக்கொள்வான். அதில் ஏறுவது போன மாதக் கதை. உனக்கு இன்றைய கதை வேண்டும். ராத்திரி பத்து நிமிஷம் போதும். இன்றைக்கு வந்தது, போனது, பெட்டியில் இருப்பது, வங்கியில் இருப்பது, யார் எத்தனை நாளாகத் தரவில்லை.

நூல் பெட்டிக்கு மேலே நீள நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பக்கம் பிள்ளையார் சுழி போட்டு நானே எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி உன் பெட்டியை எண்ணினேனே, அதை முன்னிருப்பாக வைத்து, அதன் பிறகு நீ கொடுத்ததையும் வாங்கியதையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். எதற்குக் கேட்கிறேன் என்று நீ அலுத்துக்கொண்டாய். செவ்வாய் ராத்திரி கிளம்பும் முன் பார்த்தபோது கணக்குப்படி இருக்கவேண்டியது 14,230. பெட்டியில் இருந்தது 15,390. 1,160 ரூபாய் கூடுதல். சனிக்கிழமை எல்லாருக்கும் சம்பளம் கொடுத்ததை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செக்கிங் பார்க்கிற அம்மா மட்டும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் கிளம்பினார். அவர் கையில் நீ கொடுத்ததை நான் பார்க்கவில்லை. கேட்டுப் பார்.

அப்பா