சுவிட்சுக்கு ஒரு குரல்

வணக்கம் நண்பர்களே. எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் இயங்கும் ரேடியோ (ரிமோட் விமானத்தை இயக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் முதலில் த்ராட்டில் கட் சுவிட்சுக்கு, அதாவது மோட்டார் சுழலாமல் பூட்டும் சுவிட்சுக்கு, குரல் வையுங்கள். விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே மோட்டார் பூட்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

"மோட்டார் பூட்டு", "பறக்கத் தயார்" என இரண்டு மோனோ (ஒற்றைச் சேனல்) வேவ் (.wav) ஒலிக் கோப்புகளைப் பதிவு செய்து, ரேடியோவின் எஸ்டி கார்டில் சவுண்ட்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் மொழிக் கோப்புறையில் போடுங்கள். கோப்பின் பெயர் ஆங்கிலத்தில் 6 எழுத்துக்குள் இருக்கட்டும். அப்புறம் ரேடியோ மெனுவின் ஸ்பெஷல் ஃபங்ஷன்ஸ் பக்கத்தில் சுவிட்ச் நிலையைத் தேர்ந்து ப்ளே ட்ராக் (ஒலிக் கோப்பை இயக்கு) கொடுத்து, அதற்குரிய கோப்பைத் தேர்ந்தால் சரி. வெறும் "ஆன்", "ஆஃப்" வேண்டாம். காற்றிரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்.

குரல் சொல்வது சுவிட்சின் நிலையைத்தான். மோட்டார் நிஜமாகவே பூட்டுகிறதா என்று ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு அவசியம் சோதியுங்கள்.