பதினான்கும் கறுப்பு இல்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். அருவ ஓவியமும் ஆன்மிகமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓவியர் மார்க் ரோத்கோவின் ஓவியங்கள் கொண்ட வழிபாட்டுக் கூடமான ரோத்கோ சேப்பலை ‘14 கறுப்பு ஓவியங்கள்’ என்ற ஒரே வரியில் கடந்துவிட்டது. பார்ப்பவர் மனத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்றும் கட்டுரையாளர் முடிக்கிறார். பாதி சரி. மீதிப் பாதி பசையிலும் முட்டையிலும் கூரைக் கண்ணாடியிலும் இருக்கிறது.

முதலில் நிறம். எண்கோண அறையின் 14 ஓவியங்களில் 7 ஒரே நிறத்தில் ஆனவை. வடக்குச் சுவரில் மூன்று சேர்ந்த தொகுதி ஒன்று, மூலைவாட்டுச் சுவர்கள் நான்கிலும் தலா ஒன்று. நாவற்பழத் தோலின் நிறத்துக்குப் பக்கத்தில் வரும் கருஞ்சிவப்பு ஊதா அது. கிழக்கிலும் மேற்கிலும் மும்மூன்று, வாசல் உள்ள தெற்குச் சுவரில் ஒன்று என மற்ற 7 ஓவியங்களில் மட்டும் கறுப்புச் செவ்வகம் உண்டு. அதைச் சுற்றி மெரூன் விளிம்பு ஓடுகிறது. கிழக்கு, மேற்குத் தொகுதிகளில் நடு ஓவியம் பக்கத்தவற்றைவிட உயர்த்தி மாட்டப்பட்டிருக்கும். சிலுவையேற்றக் காட்சியை நினைவூட்டும் இந்த உயர்வு தற்செயலாக வந்ததில்லை. நியூயார்க் பட்டறையில் சேப்பலின் சில சுவர்களை முழு அளவில் எழுப்பி, கப்பி கட்டி ஓவியங்களை ஏற்றியும் இறக்கியும் பார்த்தே ரோத்கோ உயரத்தை முடிவு செய்தார். விளிம்பின் அகலத்தைக் கூட்டிக் குறைப்பதிலேயே வேலையின் பெரும்பகுதி கழிந்தது.

அடிப்பூச்சு, முயல்தோல் பசையில் குழைத்த நிறமித்தூள். இந்தப் பசையை இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து மெல்லிய சூட்டில் கரைப்பார்கள். கொதித்துவிட்டால் பிடிப்பு போய்விடும். ஆறினால் கூழாக உறையும் என்பதால் சூடு இருக்கும்போதே பூசியாக வேண்டும். ஏறத்தாழ 4.5 மீட்டர் உயர கேன்வாஸில் ஒரு பகுதி காய்ந்த பிறகு அடுத்ததைத் தொட்டால் சேர்ந்த இடம் கோடாகத் தெரியும். ஆகவே உதவியாளர்கள் பெரிய தூரிகைகளோடு வேகமாகப் பூச, ரோத்கோ தள்ளி நின்று சொல்லிக்கொண்டிருந்தார். கை தடம் தெரியாத அந்தப் பரப்புக்கு இதுதான் காரணம்.

கறுப்புச் செவ்வகம் வேறு சமையல்: எண்ணெய் வண்ணம், முழு முட்டை, டாமர் பிசின், டர்பன்டைன். (டாமர் நம் குங்கிலிய மரக் குடும்பத்துப் பிசின்தான்.) கறுப்பு லேசாக மினுங்க, மெரூன் மினுக்கமில்லாமல் நிற்கிறது. இரண்டடி நகர்ந்தால் செவ்வகத்தின் ஓரம் தோன்றும், மறையும். ஆனால் இந்தக் கலவை சொன்னபடி கேட்கவில்லை. சில ஆண்டுகளிலேயே கறுப்பின் மேல் வெள்ளைப் படலம் கசிந்து வந்தது, வெடிப்பும் கண்டது. ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்கள் ரோத்கோவின் உதவியாளர்களிடம் செய்முறையைக் கேட்டறிந்த பிறகே மருந்து தேட முடிந்தது.

அடுத்த தவறு வெளிச்சத்தில் நேர்ந்தது. பட்டறையில் கூரைச் சாளரத்துக்கு அடியில் ஒரு பாராசூட் துணியைக் கட்டி வெளிச்சத்தை மட்டுப்படுத்தித்தான் ரோத்கோ வரைந்தார். அதே மாதிரிச் சாளரம் ஹூஸ்டனிலும் வைக்கப்பட்டது. டெக்சாஸ் வெயில் நியூயார்க் வெயில் இல்லையே! அவர் 1970 பிப்ரவரியில் இறந்துவிட்டார், சேப்பல் 1971 பிப்ரவரியில்தான் திறந்தது. திருத்தச் சொல்ல ஆள் இல்லை. 1970களில் முதலில் மெல்லிய திரை, பிறகு ஒரு பெரிய தடுப்பு என்று தொங்கவிட்டார்கள். கண்கூச்சம் அடங்கியது, ஆனால் கூரை கண்ணுக்கே படாமல் போனது. 2020இல் முடிந்த சீரமைப்பில்தான் தடுப்பை எடுத்துவிட்டு, ஒளியைச் சுவர்ப்பக்கம் திருப்பும் பட்டைகளோடு புதிய சாளரம் அமைத்தார்கள். 2024 ஜூலையில் பெரில் புயலில் கூரை ஒழுகி மூன்று ஓவியங்களில் ஈரம் பட்டது. நீரில் கரையும் பசை என்பதால் அந்த ஈரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெயிலிலிருந்து உள்ளே வருபவருக்கு முதல் சில நிமிடங்கள் எல்லாம் கறுப்புதான். மங்கலுக்குக் கண் முழுதாகப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். மெரூன் மெல்லப் பிரிந்து வரும். மேகம் மூடினால் திரும்ப உள்ளே போகும், ஏனென்றால் வெளிச்சம் குறையும்போது கண் முதலில் இழப்பது சிவப்பை. ஐந்து நிமிடத்தில் எழுந்து போகிறவர் ஓவியத்தைப் பார்க்கவே தொடங்கவில்லை. கேமரா இந்தக் காத்திருப்பைச் செய்வதில்லை. அச்சுக்காகப் படத்தின் மாறுபாட்டைக் கூட்டும்போது மெரூன் கறுப்பில் கரைந்துவிடுகிறது. உங்கள் பக்கத்தில் அச்சான படத்துக்கு நடந்ததும் அதுவே என்று நினைக்கிறேன்.

இனி இவ்வகை ஓவியத்தை அச்சிடும்போது அளவையும் ஊடகத்தையும் படக்குறிப்பில் சேர்க்க வேண்டுகிறேன். இந்தப் படத்துக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போதும்: கருஞ்சிவப்பு ஊதா 7, மெரூன் விளிம்புள்ள கறுப்பு 7.

இப்படிக்கு,
ஓவியப் பராமரிப்புத் துறை வாசகர்