வெள்ள விவரங்களை வரைபடமாக வெளியிடுக

ஆசிரியருக்கு வணக்கம். பருவமழை முன்னேற்பாடுகள் குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். சென்னையில் நீர் தேங்கும் இடங்களின் விவரம் அரசிடம் இல்லாமல் இல்லை. அது வார்டு வாரியான அட்டவணைகளில் முடங்கிக் கிடப்பதால்தான் வேண்டிய நேரத்தில் மக்களுக்கு எட்டுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையில் வெளியான இணைய வரைபடத்தில், மூழ்கிய தெருக்களைச் சென்னைவாசிகள் தாங்களே தொட்டுக் குறித்தனர். வேளச்சேரியில் இருந்த உறவினரை எவ்வழியே அழைத்து வருவது என்பதை, கைப்பேசி இணைப்பு கிடைத்த சிறிது நேரத்தில், அதைப் பார்த்தே முடிவு செய்தேன்.

பழைய தகவலைக் காட்டும் வரைபடம் ஆளைத் தண்ணீருக்குள் அனுப்பிவிடும் என்பதால், தாழ்வான பகுதிகள், நிவாரண முகாம்கள், சுரங்கப்பாதைகளின் நிலை ஆகியவற்றைக் கைப்பேசியில் எளிதில் திறக்கும் ஒரே தமிழ் வரைபடமாக மாநகராட்சி அக்டோபருக்கு முன்பே வெளியிட்டு, ஒவ்வொரு குறிப்பிலும் அது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரத்தையும் காட்ட வேண்டும்.